காலைச் சண்டை

கையில் கட்டிய பட்டை அளக்கும் ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் சுவரிலுள்ள மாத்திரைப் பெட்டி திறக்காது. மாத்திரை ஒரு நாள் தவறினாலும் புருஷன் உயிர் போய்விடும் என்று மரகதத்துக்குப் பயம். அதனால் தினமும் காலையில் அவரைச் சண்டைக்கு இழுப்பாள். அவருக்குக் கோபம் ஏறும், பெட்டி திறக்கும்.

வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். "பிரஷரையும் நாடியையும் கொறைக்கிற மாத்திர இது, கொறஞ்சிருந்தா குடுக்கக் கூடாதும்மா" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இன்று வாசலிலேயே நின்றாள்.

"அவுக அம்மாவையே இழுத்துப் பேசிட்டேன், சிஸ்டர். சிரிச்சிட்டே இருக்காவ. பெட்டி தெறக்கல."

உள்ளே போய் ஒரு முழு நிமிடம் அவர் நாடியைப் பிடித்து எண்ணினேன். நாற்பதுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மரகதம் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஒரு வார்த்த ஏசுங்களேன்."