தொட்டால் போகும் நீலம்

"மறுபடியும் அவ கைவரிசை!" ஆர்லிஸ் பல்லைக் கடித்தாள். மேப்பிள் மரத்து நிழலில், குமிழ் குமிழாய்ப் புடைத்த பெரிய நீல இலையொன்றின்மேல் மூன்று விரல்கள் இழுத்த பச்சைத் தடம் தெரிந்தது.

ஹோஸ்டா, இலையழகுக்காகவே வளர்க்கப்படும் நிழற்செடி. அதன் நீலம் இலையின் நிறமன்று. மேலே படிந்த மெல்லிய மெழுகு. விரல் பட்டால் போயிற்று. மினசோட்டாவின் குறுங்கோடைக்குள் மீளாது.

இரு செடிகளைக் கலந்து விதையெடுத்து, ஒன்பதாண்டு பேணி இந்தச் செடியை உருவாக்கியவர் அவள் கணவர் டெல்மர். சனிக்கிழமைக் கண்காட்சியில் மாசற்ற இலையொன்றை வைத்தால்தான் அச்செடிக்கு அவர் பெயர் கிடைக்கும்.

"எல்லாம் பக்கத்து வீட்டு லவோன்தான். போன வருஷம் தோத்த வயித்தெரிச்சல்!"

"சும்மா இரு ஆர்லிஸ். அவ நல்லவ."

"ஆமா, ரூபார்ப் கேக்கை ஊட்டியே உன்னை வளைச்சுப் போட்டுட்டா!"

டெல்மர் சிரித்தார். "சனிக்கிழமை நீயே காரை ஓட்டு. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு."

"ஏப்ரல்லேருந்து இதே பாட்டுதான்!"

அவள் வலை கட்டினாள். காலையில் அவிழ்ந்து கிடந்தது. 'தொடாதீர்' என்று கொட்டை எழுத்தில் பலகை நட்டாள். அதன் அடியிலேயே புதுத் தடம். வியாழனன்று மாசற்ற இலைகள் நான்கு இருந்தன. வெள்ளியன்று ஒன்றே ஒன்று.

சனிக்கிழமை பொழுது புலரும் வேளையில், தண்ணீர்க் குழாயை ஓங்கியபடி கொட்டகையின் பின்னே பதுங்கினாள். காலடி கேட்டது. பாய்ந்து வந்தவளின் கையிலிருந்து குழாய் நழுவியது.

செடியருகே மண்டியிட்டிருந்தவர் டெல்மர். நீல இலையைத் தொடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன அதே டெல்மர்!

அவருடைய விரல்கள் பக்கத்துச் செடியின் வழவழப்பான இலையொன்றைத் தடவிப் பார்த்து விட்டுவிட்டன. பிறகு எஞ்சியிருந்த அந்த ஒற்றை இலையைக் கண்டுகொண்டு, அதன் குமிழ்களை ஒவ்வொன்றாய் வருடின. நீலம் கரைந்து பச்சையாயிற்று.

அவர் முகத்துக்கு நேரே ஒரு முழத் தொலைவில் நின்றாள் ஆர்லிஸ். அவர் நிமிர்ந்து புன்னகைத்தார்.

"வந்துட்டியா லவோன்? எனக்குக் கண்ணு போச்சுன்னு ஆர்லிஸ்கிட்ட இன்னும் சொல்லலியே?"