ஐந்தில் நான்கு

'ஐந்தில் நான்கு' என்று மறுபடியும் எழுதியிருந்தான்.

அவள் சிவப்புப் பேனாவை மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு தரையில் விழுந்தது. குனியப் போனவளைத் தடுத்துவிட்டு, அவனே மேசைக்கடியில் புகுந்து எடுத்துக் கொடுத்தான்.

அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கணக்கு இவ்வளவுதான். ஒரு நாணயத்தை நான்கு முறை சுண்டியாயிற்று. நான்கு முறையும் பூ. ஐந்தாவது முறை தலை விழ வாய்ப்பு எவ்வளவு?

பாதி. அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

நர்சிங் கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகள் அறுபது பேருக்கு அவள் புள்ளியியல் நடத்துகிறாள். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவள்கூட இந்தக் கணக்கை முதல் நாளே பிடித்துக்கொண்டுவிடுவாள். கட்டின புருஷன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து மல்லுக்கு நிற்கிறான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருஷமாகக் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வருகிறவன். இன்ஸ்பெக்டர் ஆக வேண்டுமானால் இந்த ஒரு பேப்பர் பாஸாக வேண்டும். இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. வருகிற சனிக்கிழமை மறுபடியும் பரீட்சை.

காலையில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நன்றாக என்றால், அவனுடைய வழக்கமான முனகல்களோடு.

பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று நீலப் பந்து என்றதும், எடுத்த பந்தை எதற்குத் திருப்பிப் பைக்குள்ளேயே போட வேண்டும், வேறு வேலை இல்லையா என்று கேட்டான்.

இருநூறு லிஃப்டுகளைப் பார்த்ததில் பதினான்கில் பிரேக் தேய்ந்திருந்தது, நகரத்திலுள்ள எல்லா லிஃப்டுகளுக்கும் சேர்த்து மதிப்பிடுக என்றதற்கு, பாடப்புத்தகத்தையே திட்டித் தீர்த்தான். மதிப்பிடுவதாவது! ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவனை வேலையை விட்டே துரத்த வேண்டும் என்றான்.

திட்டிக்கொண்டே இரண்டையும் சரியாகப் போட்டான்.

இந்த நாணயத்தில்தான் வண்டி நின்றுபோனது.

அவள் சுண்டிக் காட்டினாள். கிளை கிளையாகப் படம் போட்டுக் காட்டினாள். வாய் வலிக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பென்சிலை எடுத்து மறுபடியும் ஐந்தில் நான்கு என்று எழுதினான்.

"காசுக்கு ஞாபகம் கிடையாதுங்க. முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் விழுது. இதை இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?"

"நாலு தடவையும் பூவே விழுந்திருக்கு. அஞ்சாவதும் அப்படியே விழும்னா, அது அநியாயமா இல்லையா?"

"கணக்குல என்னங்க நியாயம், அநியாயம்?"

கத்திவிட்டாள். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

அவன் டீ போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனான்.

இவனோடு பேசிப் பயனில்லை, படிப்படியாக எழுதியே வைத்துவிடலாம் என்று அவள் அவனுடைய நோட்டில் வெற்றுப் பக்கம் தேடினாள். கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது.

அதே நாணயம். அதே நான்கு பூ.

அவளே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டாள். 'முந்தைய நான்கும் ஐந்தாவதைப் பாதிக்காது. எனவே விடை: பாதி.' அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்து வைத்துக்கொண்டா இத்தனை நேரம் உயிரை எடுத்தான்?

பிறகு ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் இருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த முறை வாய்ப்பு எவ்வளவு என்று அவள்தான் கேட்டாள், சதவீதமாகச் சொல்லுங்கள் என்று. டாக்டர் தயங்கிவிட்டு ஓர் எண்ணைச் சொன்னார். அவன் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரட்டைக் கோட்டுக்குக் கீழே அந்த எண் இருந்தது. அதை வைத்து அதே கணக்கை இன்னொரு முறை போட்டிருந்தான். விடை எழுத வேண்டிய இடத்தில் ரப்பர் அழுந்தி அழுந்தித் தாள் பிய்ந்திருந்தது.

நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கேன். இதயத்துடிப்பு கேட்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு முன் நான்கு முறை அந்த அறைக்குள் போயிருக்கிறார்கள். நான்கு முறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை பரீட்சையில் அவன் பாதி என்றுதான் எழுதுவான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவள் எதிரில் உட்கார்ந்து அதை எழுதத்தான் அவனுக்குக் கை வரவில்லை.

டீயோடு வந்தான். டம்ளரை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தான். இன்னும் திட்டு பாக்கியிருக்கிறது என்பதுபோல் நின்றுகொண்டே இருந்தான்.

அவள் நோட்டை மூடினாள்.

"அஞ்சுல நாலு எப்படி வந்துச்சு? ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க, கேக்கறேன்."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

அவள் ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை.