வாந்திக்கு ஆதாரம்

லாரி பின்னால் இடித்து ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கோமளாவின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. மூளை உள்ளே குலுங்கியிருக்கிறது, ஸ்கேனில் தெரியாது, இருட்டறையில் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நஷ்டஈட்டு வழக்கை எடுத்த வக்கீலோ அவள் கணவன் தயாளனிடம், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லேன்னா நடிக்கிறாங்கன்னுதான் கோர்ட்ல சொல்லுவாங்க. வாந்தி, தலைசுத்தல், மறதி எல்லாத்தையும் செல்போன்ல எடுத்து வைங்க" என்றார்.

அன்றிலிருந்து அவள் குளியலறைக்கு ஓடும்போதெல்லாம் அவனும் பின்னால் ஓடினான். அவள் வாளியைப் பிடித்துக் குனிந்திருக்க, அவன் விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் அவளுக்கு மண்டை பிளந்தது.

"ஐயோ, அணைங்க."

"முகம் தெரியணும்ல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. வாயைத் தொடைக்காத."

எச்சில் தாடையிலிருந்து நூலாகத் தொங்கியது. அவன் போனோடு குனிந்து அதையும் படம் எடுத்தான். சாயங்காலம் கூடத்தில் தன் அண்ணனுக்கு அதைப் போட்டுக் காட்டினான். அவள் ஓங்கரிக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"அருமையா வந்திருக்குடா" என்றார் அண்ணன்.

ஒரு காலையில் தலை லேசாக இருந்தது. ஜன்னல் திரையை விலக்கினாள், வெயில் கூசவில்லை. இட்லி தின்றாள், குமட்டவில்லை.

"எனக்குச் சரியாயிடுச்சுங்க" என்று ஓடிப்போய்ச் சொன்னாள்.

தயாளனின் முகம் சுருங்கியது. "கேஸ் முடியிற வரைக்கும் வெளில சொல்லித் தொலைக்காத" என்றவன், போனைத் தூக்கிப் பிடித்தான். "தொண்டையில விரலை விட்டாவது இன்னும் ஒரு தடவை வாந்தி எடு."

கோமளா அவன் முகத்தையே பார்த்தாள். விரல் தேவைப்படவில்லை.