பிச்சாட்டூர் ரத்தம்

நகரியில் எந்த நோயும் வாசற்படி ஏற அஞ்சும் குடும்பம் ஒன்று உண்டென்றால், அது கன்னியம்மாளின் குடும்பம்தான். இதைக் கன்னியம்மாளே சொன்னாள். திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றின் இதயப் பிரிவில், பேரனின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

வாசலிலிருந்து பத்தடி நடந்ததுமே அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பன்னிரண்டு பவர்லூமுக்குச் சொந்தக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் நடக்க முடியாத பதினோரு வயதுக் குணா, தன் அம்மா யமுனாவின் இடுப்புக்கு மாறினான்.

"என்னைக் கீழ உக்கார வெச்சிடும்மா," என்றான் குணா. "உன் நெஞ்சு டமடமன்னு அடிக்கிறது எனக்கே கேக்குது."

"கேட்டா கேக்கட்டும். நீ கழுத்தைப் புடிச்சிக்கோ."

நாற்காலியைத் தள்ளி வந்தவன் யமுனாவின் கணவன் தனசேகர், கன்னியம்மாளின் ஒரே மகன். அவன் தோளில் தொங்கிய பையில் யமுனாவின் புடவைகள் இருந்தன. யமுனாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லி முடித்ததும் அவளைப் பிச்சாட்டூர் பஸ்ஸில் ஏற்றி அப்பன் வீட்டில் விட்டுவிட வேண்டும், பையன் மட்டும் நகரி திரும்புவான் என்பது கன்னியம்மாளின் தீர்ப்பு.

"என்னை அனுப்பாத ஆயா," என்றாள் யமுனா. "ராத்திரில நாலு தபா இவனைப் பொரட்டிப் படுக்க வெக்கணும். நான் இல்லாட்டி செத்துப் பூடுவான்."

"அத்தைன்னு கூப்புடுடி!" பன்னிரண்டு வருடமாகச் சொல்லியும் இந்த மருமகள் வாயில் அது மட்டும் வரவில்லை. "எங்க வம்சத்துல எண்பது வயசுலயும் அலிபிரிலேர்ந்து திருப்பதி மலை ஏறுவாங்க. உன் பிச்சாட்டூர் ரத்தம் கலந்துதான் என் பேரனுக்குக் கால் வெளங்காமப் பூடுச்சி."

நர்ஸ் வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். "ரண்டி, வாங்க பாட்டி, ஈசிஜி எடுக்கலாம்."

"யாருக்கு? எனக்கா? நான் பஞ்சாயம் பண்ண வந்தவ!"

உள்ளே டாக்டர் ஹரிபாபு ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"பையனோட தசை நோய்க்கான ஜீன் இந்தம்மாகிட்ட இருக்கு. பொம்பளைங்களுக்குக் கை கால் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். ஆனா சில பேருக்கு இதயம் அடி வாங்கிடும். இவங்க இதயம் பாதி வேலைதான் செய்யுது. மாத்திரையை நிறுத்தவே கூடாது. பையனை இனிமே தூக்கவும் கூடாது."

யமுனா குணாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்பவே சொல்லல?" கன்னியம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது அவங்க வம்சக் கோளாறுன்னு ஒரு காயிதத்துல எழுதி, சீல் குத்திக் குடுங்க சார். நகரில நாலு பேருக்குக் காட்டணும்."

"எழுதறேன். இந்தம்மாவோட நைனா நல்லா நடக்கிறாரா?"

"அந்த ஆளுக்கு என்ன கேடு? அறுபது வயசுல ஏரில வலை போட்டுக்கினு திரியறான்."

"அப்ப அவர் வழியா வரல்லம்மா. அவருக்கு இருந்திருந்தா என்னைக்கோ படுத்திருப்பார். இது பெரும்பாலும் அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்கு, அவகிட்டேர்ந்து அவ பொண்ணுக்குன்னு எறங்கி வர்றது." டாக்டர் பேனாவைத் திறந்தார். "இவங்க அம்மாவையும், அந்தம்மாவைப் பெத்த தாயாரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் எக்கோ பாக்கணும். பெத்தவங்க இருக்காங்களா? நடந்தா மூச்சு வாங்குதா?"

கன்னியம்மாள் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தை, ஏதோ தூரத்து உறவினரின் போட்டோவைப் பார்ப்பதுபோல் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா, வம்சம்னு நான் யாரை எழுதறது?"

இத்தனை வருடமாக அம்மா எதிரில் வாய் திறக்காத தனசேகர், தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"யமுனா என் கூடப்பொறந்த அக்கா பொண்ணு சார்."