வெள்ளைப் பூ வந்தால் கோயம்புத்தூர்

"சீட்டு கொடுத்தது யுனிவர்சிட்டி. அதை ஓகே பண்றது மாரியம்மனாப்பா?"

காவேரி கேட்டது அவள் அப்பா மாதுவிடம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. சைக்காலஜி. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் போனில் 'சேர்கிறேன்' என்று அமுக்கியாக வேண்டும். இல்லையென்றால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரு மாதமாக 'பாக்கலாம், பாக்கலாம்' என்றே ஓட்டிய மாது, நேற்றுதான் வாயைத் திறந்தார். "ஆத்தாகிட்ட பூ கேட்டுடலாம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும்.

"மூணு போர் போட்டப்பவும் வெள்ளைதான் வந்துச்சு. தண்ணி ஒண்ணுலதான வந்துச்சு?"

"அதுக்கு ஆத்தா என்னா பண்ணுவா? மழையில்லை" என்றார் மாது.

"மழை யாரு டிபார்ட்மென்ட்டுப்பா?"

"ஏண்டி, கோயில்லயாவது வாயை மூடேன்" என்றபடி வந்து சேர்ந்தாள் மாதுவின் அக்கா பானுமதி. "பைத்தியத்துக்குப் படிக்கிறேங்கறா. ஊர்ல நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"மனசைப் பத்திப் படிக்கிறான்னு சொல்லுங்கத்தை."

"அதை எதுக்கு ரெண்டு வருசம் படிக்கணும்? எல்லாருகிட்டயும் ஒண்ணுதான இருக்குது. பேசாம பி.எட். படிச்சுட்டு வூட்டோட இரு."

பானுமதிக்கு ஒரே மகன், கோகுல்ராஜ். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக டயர் கடை. காவேரி பிறந்த அன்றைக்கே அவனுக்குத்தான் இவள் என்று பேசி வைத்தாயிற்று. இவள் மேலே படித்தால் அந்தப் பேச்சு என்ன ஆகும் என்று பானுமதிக்குத் தெரியாதா என்ன?

பூசாரி தீர்த்தகிரி தட்டை நீட்டினார். நந்தியாவட்டை, செவ்வரளி, இரண்டு வாழை இலைத் துண்டு, நூல்.

"வேணாம்னு சொல்றது யாருங்க?"

"நான்தான்" என்றாள் பானுமதி.

"அப்ப நீங்களே கட்டுங்கம்மா. பின்னால யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்க."

அந்தக் கோயில் வழக்கம் அது. வேண்டாம் என்பவர்தான் பொட்டலம் கட்ட வேண்டும், அதுவும் யார் கண்ணிலும் படாமல். பானுமதி தட்டோடு கோயிலுக்குப் பின்னால் போனாள்.

காவேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதிர்க்கட்சியைக் கூப்பிட்டு ஓட்டு எண்ணச் சொல்றாப்புல இருக்குது. ரெண்டுலயும் அரளியை வெச்சுத்தான் கட்டும் அது."

"ஆத்தா சன்னதியில எங்கக்கா அப்புடிப் பண்ணாது."

"டயர் கடைக்கு மருமக வேணும்னா பண்ணும்."

"நாக்கை அடக்கு."

"முடிவெடுக்கப் பயந்தவங்க பொறுப்பை இன்னொருத்தர் தலையில கட்டிருவாங்கப்பா. எங்க பாடத்துலயே இருக்குது."

"இருந்துட்டுப் போவுது" என்றார் மாது. குரல் இறங்கிப் போயிருந்தது. "தாயில்லாப் புள்ளை. நானா அனுப்பி வெச்சு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? ஆத்தா சொல்லி அனுப்புனா, அவளைக் கேப்பேன்."

காவேரி அப்பாவின் தோளில் நழுவிய துண்டை எடுத்துப் போட்டாள்.

பானுமதி வந்தாள். பச்சைப் பொட்டலம் இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தாள். தீர்த்தகிரி கற்பூரம் காட்டினார். மாது கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். கை இப்படிப் போய், அப்படிப் போய், ஒன்றின் மேல் விழுந்தது.

நூல் முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தார்.

வெள்ளை.

மாது அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போயிட்டு வா கண்ணு" என்றார். தேங்காய் உடைக்க வெளியே போனார். பூசாரி திருநீறு எடுக்க உள்ளே திரும்பினார்.

காவேரி போனை எடுத்து அமுக்கினாள். சேர்ந்தாகிவிட்டது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மூன்று வருஷம் காலேஜில் பட்டிமன்றம் பேசிய வாய்.

"ஆனா ஒண்ணு அத்தை, இது சுத்தமான பாதிக்குப் பாதி சான்ஸ். அப்பா கை நாலு விரக்கடை தள்ளி விழுந்திருந்தா இந்நேரம் நான் டயருக்குக் காத்தடிச்சுட்டு இருப்பேன். இப்புடியா ஒரு வாழ்க்கையை முடிவு பண்றது? அப்பா வரட்டும், அரளியைக் கண்ணு முன்னால பிரிச்சுக் காட்டறேன்."

மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து நூலை இழுத்தாள். பானுமதியின் கை பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்த இழுப்பில் வாழை இலை ஓரமாகக் கிழிந்தது.

உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை வெளேர் என்று.

காவேரி அத்தையைப் பார்த்தாள். அத்தை இவளைப் பார்க்கவில்லை. வாசலில் முதுகைக் காட்டி நின்ற தம்பியைப் பார்த்தபடி, பொட்டலத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து மூடினாள். பிறகு வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சலித்துக்கொண்டாள்.

"என்னமோ போ மாது. நான் வேணாம்னுதான் சொன்னேன். ஆத்தா எங்க என் பேச்சைக் கேக்கறா?"