வலை மலையான நாள்

கம்ப்யூட்டர் மேசைக்கு எதிரே, ஜன்னல் மூலையில் குடியிருந்த சிலந்தி ஒருநாள் திரையில் ஒரு வலையைக் கண்டது. தன்னைத் தவிர இந்த வீட்டில் வலை பின்னுவது யார் என்று அதற்கு எரிச்சல்.

"பரிமளாதான்," என்றது கம்ப்யூட்டர். "என்னை வெச்சு மலை, ஆறெல்லாம் வரையப் புதுசா கத்துக்கிறா. அதுக்கு முதல்ல இப்படி வலை மாதிரிக் கோடு போடணும்."

பரிமளா திரையோரத்தில் இருந்த ஓர் எண்ணை மாற்றினாள். வலை மொத்தமும் ஊசி ஊசியாய் எழும்பியது. சிலந்திக்குச் சிரிப்பு வந்தது. எண்ணைக் குறைத்தாள். ஊசிகள் தணிந்து மலைகளாயின. இன்னொன்றைத் தட்டியதும் சரிவுகளில் புல் படர்ந்தது, பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது, சிகரத்தை உரசிக்கொண்டு மேகம் நகர்ந்தது.

சிலந்திக்கு எட்டுக் காலும் ஓடவில்லை. அதன் வம்சத்தில் யாரும் வலையை மலையாகத் தூக்கி நிறுத்தியதில்லை.

"இவ்வளவு பெரிய வலையில என்னப்பா மாட்டும்?" என்று மெல்லக் கேட்டது.

"ஈ, கொசு ஒண்ணும் மாட்டாது. காலையிலேர்ந்து அவதான் மாட்டிக்கிட்டிருக்கா. அந்த டீயைப் பாரு, ஆடை கட்டிப் போச்சு."

"பாவம்," என்றது சிலந்தி, மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதன் சொந்த வலையில் விழுந்திருந்த கொழுத்த ஈ ஒன்று, ஒவ்வொரு காலாக விடுவித்துக்கொண்டு, நிதானமாகப் பறந்து போனது.