கப்பல் கொழும்பில் நின்ற பகல்

ஒல்லாந்தர் கட்டிய பழைய தேவாலயத்தின் படிகளில் இறங்கும்போதே சவுந்தரநாயகம் களைத்துப்போயிருந்தார்.

காலையிலிருந்து நடை. கோட்டையில் கவர்னர் மாளிகை, கலங்கரை விளக்கு, புறக்கோட்டையில் மணிக்கோபுரம், பிறகு வெயிலோடு இந்த மேடு. கப்பலில் கூட வந்தவர்கள் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நிழல் எங்கே என்று பார்த்தார்.

காங்கேசன்துறையில் ஏறிய சின்னக் கப்பல். தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடும். திருகோணமலை பார்த்தாயிற்று, காலி பார்த்தாயிற்று, இன்றைக்குக் கொழும்பில் ஒரு பகல். காலியைத் தாண்டியதிலிருந்து கடல் மோசம். அவரும் மனைவி றஞ்சிதமும் வெறுந்தேநீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

ஊர் காட்ட வந்த ஸஹாப்தீன் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினார். இனித் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும், கப்பல் ஊதிவிட்டால் வள்ளம் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும் என்றார்.

றஞ்சிதம் அசையவில்லை. கடலிலிருந்து ஒரு பெரிய குவிமாடம் தெரிந்ததே, அது எங்கே என்று கேட்டாள்.

கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரின் சாந்த லூசியா கோயில் என்று ஸஹாப்தீன் கைகாட்டினார். கிட்டத்தான், ஆனால் இந்த வெயிலில் ஐயாவுக்கு ஏலாது என்றார்.

நாங்கள் பார்த்துவிட்டு றிக்ஷோவில் வந்துவிடுகிறோம் என்றாள் றஞ்சிதம். கணவர் மறுப்பார் என்று நினைத்தாள். அவர் குடையை விரித்தார்.

கோயில் பார்க்கும் ஆசை அவளுக்கு இல்லை. அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதோவொரு சந்து ஒழுங்கையில் மகள் மனோன்மணி இருந்தாள்.

கிளறன்ஸ் என்ற கிறிஸ்து வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அவனுக்குக் கொழும்பில் அச்சுக்கூடத்தில் வேலை. சவுந்தரநாயகம் சைவப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். இந்த வீட்டில் இனி அந்தப் பெயர் கேட்கக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னார். பிறகு கேட்கவேயில்லை.

மகள் இருக்கும் இடத்தை ஒரு கலியாண வீட்டில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதற்குமேல் கேட்க றஞ்சிதத்துக்கு வெட்கமாக இருந்தது.

கண் வைத்தியத்துக்கு அவர் ரெயிலில் கொழும்புக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அங்கே உமக்கு என்ன வேலை என்றார். அதனால்தான் இந்தக் கப்பல். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று நாடி பார்க்கும் பரியாரியார் வாயாலும் சொல்லவைத்திருந்தாள்.

கோயிலை ஒரு பார்வை பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் திரும்பினாள்.

ஒழுங்கைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லா வாசலிலும் ஈரத்துணி. எங்கோ கருவாடு பொரிந்தது. பழைய வீடுகளைப் பார்ப்பதுபோல முன்னால் நடந்து, தண்ணீர்ப் பைப்படியில் நின்ற பெண்ணிடம் கிளறன்ஸ் வீடு எது என்று மெல்லக் கேட்டாள். எந்தக் கிளறன்ஸ் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தப் பக்கத்தில் கிளறன்ஸுகளுக்குக் குறைவில்லை.

இன்னொரு ஒழுங்கை. பிறகு இன்னொன்று.

கப்பல் ஊதியது.

றஞ்சிதம் நின்றாள். புதுச் செருப்பு குதிக்காலைத் தின்றிருந்தது. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. இவ்வளவு தூரம் வந்தும் இல்லை என்றால் இல்லைத்தான் என்று எண்ணிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், சவுந்தரநாயகம் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போவோம் என்றாள்.

அவர் எழும்பவில்லை.

"இஞ்சேரும், இந்த ஒழுங்கை இல்லை. அடுத்தது."

அவளுக்கு விளங்கவில்லை.

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்கு வரும்போதெல்லாம் இங்கே வருகிறவராம். அச்சுக்கூடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாராம். எதிரே ஒரு பேக்கரி. அதன் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ரெயிலுக்குப் போய்விடுவாராம். இதுவரைக்கும் ஒருவர் கண்ணிலும் படவில்லையாம். ரோட்டைக் கடந்து போய்த் தட்ட மட்டும் கை வரவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார்.

"ஒரு பெண்பிள்ளை இருக்கு. உம்மடை முகம்."

பேத்தி இருப்பது றஞ்சிதத்துக்கு அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, வாய் திறக்காமல் படுத்திருக்கிறார். கோபம் வந்தது. அதைப் பிடித்துவைத்திருக்கக்கூட உடம்பில் சத்து இருக்கவில்லை.

கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்து எழும்பினார்.

அடுத்த ஒழுங்கையில் பேக்கரி வந்ததும் அவர் பழக்கத்தில் அதன் தாழ்வாரத்துக்கு ஒதுங்கினார். அவள் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்து ரோட்டைக் கடக்கவைத்தாள். பச்சைக் கதவு. அவள்தான் தட்டினாள்.

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பிள்ளை. கையில் பாதி கடித்த பேக்கரிப் பணிஸ். றஞ்சிதத்தை அவள் பார்க்கவேயில்லை. சவுந்தரநாயகத்தின் முகத்தையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா, முன் பேக்கரியிலை வந்து நிக்கிற அம்மப்பா இண்டைக்குக் கதவடிக்கே வந்திட்டார்."